வெளிநாட்டு பயங்கரவாத இயக்கங்களும் நம் ஊர்ச் சட்டமும்: கடலூர், புதுச்சேரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடை செய்யப்பட்ட வெளிநாட்டு இயக்கங்கள் என்றதும் டெல்லி, காஷ்மீர் என்று எங்கோ நடக்கும் விஷயமாகத் தோன்றும். ஆனால் இது பற்றிக் கேள்வியோடு வருபவர்கள் குறிஞ்சிப்பாடி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்தும், பரங்கிப்பேட்டையில் வெளிநாட்டுப் பணத்தில் குடும்பம் நடத்தும் வீடுகளிலிருந்தும், புதுச்சேரி விடுதிகளிலிருந்தும், தேவனாம்பட்டினம் மீனவர் குடும்பங்களிலிருந்தும்தான் வருகிறார்கள். ஒரு வழக்கறிஞராக என் காதில் விழும் கேள்விகளைக் கேட்கிறவர்களின் பேச்சிலேயே வைத்து, பதிலை எழுதியிருக்கிறேன். இது பொது விளக்கம்தான். உங்கள் வழக்குக்கு உங்கள் வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், எந்தச் சட்டம் இது?

1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். பத்திரிகைகளில் 'உபா' என்று வருவது இதுதான். பயங்கரவாதத்துக்கென்று 1985 முதல் 1995 வரை தடா என்ற தனிச் சட்டம் இருந்தது. அதே மாதிரி 2002-ல் வந்த பொடா சட்டம் 2004-ல் போனது. பொடாவை ரத்து செய்தபோதே அதிலிருந்த பயங்கரவாதப் பிரிவுகளில் பெரும்பகுதியை உபாவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. தேசியப் புலனாய்வு முகமை, அதாவது என்ஐஏ, பிறந்ததும் அந்த டிசம்பரில் வந்த தனிச் சட்டத்தால்தான். பிறகு 2012-லும் 2019-லும் திருத்தங்கள் வந்தன.

ஒரு முக்கியமான வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. தடாவிலும் பொடாவிலும் எஸ்.பி. முன்னால் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பின் முதுகெலும்பு இப்படிப்பட்ட வாக்குமூலங்கள். 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரைத் தடா குற்றங்களிலிருந்தும் கொலைச் சதியிலிருந்தும் விடுவித்தது. உபாவில் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியம் ஆகாது. இந்தச் சட்டத்தின் கடுமை ஜாமீனில்தான் இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 113-ஆம் பிரிவிலும் பயங்கரவாதச் செயல் ஒரு குற்றம். எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது என்பதை எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரி முடிவு செய்வார்.

'தடை செய்யப்பட்ட இயக்கம்', 'பயங்கரவாத அமைப்பு' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சட்டத்தில் இவை இரண்டு தனி வழிகள்.

முதல் வழி 3-ஆம் பிரிவு. ஓர் அமைப்பை 'சட்டவிரோத அமைப்பு' என்று மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும். உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைக் கொண்ட தீர்ப்பாயம் அமைத்து, ஆறு மாதத்துக்குள் அந்தத் தடை சரிதானா என்று பார்க்க வேண்டும். தடை முன்பெல்லாம் இரண்டு ஆண்டுக்குச் செல்லும், இப்போது ஐந்து ஆண்டு. உறுப்பினராகத் தொடர்ந்தால் தண்டனை இரண்டு ஆண்டு வரை.

இரண்டாவது வழி 35-ஆம் பிரிவு. சட்டத்தின் முதல் அட்டவணையில் பெயரைச் சேர்த்தாலே போதும், அது 'பயங்கரவாத அமைப்பு'. முன்கூட்டி விசாரணை கிடையாது, தீர்ப்பாயம் கிடையாது, காலக்கெடுவும் கிடையாது. பெயரை நீக்கச் சொல்லி அரசிடமே மனுப் போடலாம். மறுத்தால் மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். இங்கே உறுப்பினராக இருந்தால் பத்து ஆண்டு வரை.

விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டு வழியிலும் மாட்டியிருக்கிறது. அதனால் ஐந்தாண்டுத் தடை ஒருநாள் புதுப்பிக்கப்படாமல் போனாலும், அட்டவணையில் பெயர் இருக்கும்வரை பெரிய சிக்கல் அப்படியே இருக்கும். மேடைப் பேச்சாளர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பட்டியலில் யாரெல்லாம் இருக்கிறார்கள்?

லஷ்கர்-ஏ-தொய்பா, ஜெய்ஷ்-ஏ-முகமது, அல்-காய்தா, ஐ.எஸ். போன்ற வெளிநாட்டு இயக்கங்கள் உண்டு. உள்நாட்டுப் பெயர்களும் உண்டு. தமிழ்நாடு விடுதலைப் படை, தமிழ்த் தேசிய மீட்புப் படை ஆகிய இரண்டும் அதே அட்டவணையில்தான் இருக்கின்றன. இதோடு, ஐ.நா. பாதுகாப்புச் சபை பட்டியலிடும் அமைப்புகளும் 2007-ஆம் ஆண்டு ஆணை வழியாக உள்ளே வந்துவிடுகின்றன. இதனால் பட்டியல் நீங்கள் அச்சில் பார்ப்பதைவிட நீளமானது.

2019 திருத்தத்துக்குப் பிறகு தனி நபரையும் பயங்கரவாதி என்று அறிவிக்கலாம். அதற்கு நான்காம் அட்டவணை. அந்தச் செப்டம்பரிலேயே மசூத் அசார், ஹஃபீஸ் சயீத், லக்வி, தாவூத் இப்ராஹிம் என்று நால்வரை முதலில் சேர்த்தார்கள். நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலே ஒருவருக்கு இந்தப் பட்டம் கொடுக்கலாம் என்பது எனக்கு உடன்பாடு இல்லாத ஏற்பாடு.

2009-லேயே போர் முடிந்துவிட்டதே, புலிகள் மீது இன்னும் ஏன் தடை?

ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். 1992 மே 14 அன்று இந்தியா தடை விதித்தது. அதிலிருந்து இடைவெளி விடாமல் நீட்டித்து வருகிறார்கள். 2019-லும் 2024-லும் ஐந்தைந்து ஆண்டுகள். இயக்கம் அழிந்தாலும் அனுதாபிகள் பணம் திரட்டுகிறார்கள், எஞ்சியவர்கள் மீண்டும் கூட முயல்கிறார்கள், தனித் தமிழீழக் கோரிக்கை இந்தியாவின் ஒருமைப்பாட்டையும் தொடுகிறது என்பது அரசுத் தரப்பின் வாதம்.

இதை எதிர்த்துத் தீர்ப்பாயத்தில் யார் வாதாடுவது? நோட்டீஸ் போவது அந்த அமைப்புக்கும் அதன் நிர்வாகிகள், உறுப்பினர்களுக்கும். "நான் உறுப்பினர், என் வாதத்தைக் கேளுங்கள்" என்று ஒருவர் எழுந்து நின்றால், அங்கேயே பத்தாண்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் ஆகிவிடுவார். இந்த முடிச்சுக்குச் சட்டத்தில் நல்ல விடை இல்லை.

வீட்டில் பிரபாகரன் படம் மாட்டியிருக்கிறேன். மாவீரர் நாள் கூட்டத்துக்கும் போவேன். குற்றமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2002 ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக வைகோ மீது பொடா பாய்ந்தது. அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை ஜூலையில் கைது செய்து வேலூர் சிறையில் வைத்தார்கள். பழ. நெடுமாறன் மீதும் பொடா போட்டார்கள். அந்தச் சமயத்தில் பொடாவை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. 2003 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே இன்னொன்றையும் சொன்னது: பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும், வளர்க்கும் எண்ணம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு பொடாவின் ஆதரவுப் பிரிவில் குற்றம் ஆகாது. வைகோ வெளியே வந்தபோது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓடிப்போயிருந்தது.

இப்போதைய உபாவின் 39-ஆம் பிரிவிலும் அதே அடிப்படைதான் எழுதப்பட்டிருக்கிறது. இயக்கத்தின் செயல்பாட்டை முன்னெடுக்கும் நோக்கத்தோடு ஆதரவு திரட்டினால், கூட்டம் ஏற்பாடு செய்தால், கூட்டத்தில் பேசினால் பத்து ஆண்டு வரை. படம் மாட்டுவது, இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவது, "ஈழத்தில் நடந்தது இனப்படுகொலை" என்று சொல்வது ஆகியவற்றில் மட்டும் அந்த நோக்கம் வந்துவிடாது. "இயக்கத்துக்கு நிதி தாருங்கள், ஆள் தாருங்கள்" என்று மைக்கில் சொன்னால் வந்துவிடும்.

ஆனால் நோக்கம் இருந்ததா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்வது கடைசியில். போலீஸ் வருவது முதலில். வேறு பிரிவுகளும் உண்டு. 2009-ல் பேசிய ஒரு பேச்சுக்காக வைகோவுக்கே 2019-ல் தேசத்துரோக வழக்கில் ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. கூட்டம் நடத்துகிறீர்களா? அனுமதிக் கடிதத்தையும் முழுப் பேச்சின் ஒளிப்பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். வெட்டி ஒட்டிய அரை நிமிட வீடியோவுக்குப் பதில் அதுதான்.

பெயருக்கு உறுப்பினர், எதுவும் செய்யவில்லை. அதுவும் குற்றமா?

2011-ல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையில் ஈடுபடாத வெறும் உறுப்பினரைத் தண்டிக்க முடியாது என்றது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று மாற்றிவிட்டது. தடைக்குப் பிறகும் உறுப்பினராகத் தொடர்ந்தாலே குற்றம். பயங்கரவாத அமைப்பு விஷயத்தில், பெயர் அட்டவணைக்கு வரும் முன்பே சேர்ந்து, வந்த பிறகு எந்தச் செயலிலும் பங்கு கொள்ளவில்லை என்று நிரூபித்தால் தப்பலாம். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

லண்டனில் இருக்கும் தம்பி பணம் அனுப்புகிறான். சிக்கல் வருமா?

குடும்பச் செலவுக்கு வருகிற பணத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை. பயங்கரவாதச் செயலுக்கு என்று தெரிந்து பணம் திரட்டினால் 17-ஆம் பிரிவு: ஐந்து ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. பயங்கரவாத அமைப்புக்காக நிதி திரட்டினால் 40-ஆம் பிரிவு: பதினான்கு ஆண்டு வரை.

சிக்கல் பணம் வரும் வழியில் இருக்கிறது. உண்டியல்காரர், அதாவது ஹவாலா ஆள், வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். கமிஷன் குறைவு, வரிசையில் நிற்க வேண்டாம், சரி. ஆனால் அந்தப் பணக்கட்டு யாருடையது, அதே ஆள் வேறு யாருக்கு எதைக் கொண்டுபோகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர் வீட்டில் சோதனை நடந்தால் அவருடைய நோட்டில் உங்கள் பெயரும் தொகையும் இருக்கும், பக்கத்தில் இன்னொருவர் பெயரும் இருக்கும். அந்நியச் செலாவணிச் சட்ட மீறல் அப்போதே உறுதி. அதற்கு மேல் எதுவும் இல்லை என்று நீங்கள்தான் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான சேவைகளில் ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஆண்டுக்கு 30 தடவை வாங்கலாம். ரசீது கையில் வரும். வங்கிக்கு நேராக வந்தால் இன்னும் நல்லது.

தம்பி பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டாரா? அப்படியானால், ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் வந்தால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை விதிகளின்படி மூன்று மாதத்துக்குள் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோயில் கும்பாபிஷேகம், பள்ளிவாசல் கட்டடம், தேவாலயத் திருவிழா என்று அமைப்பின் பெயரில் வெளிநாட்டுக் குடிமக்களிடம் பணம் வாங்குவது வேறு கதை. பதிவு வேண்டும், பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு கோப்பில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் யாரோ என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள்...

சேர்த்துவிட்டதால் குற்றவாளி ஆகிவிட மாட்டீர்கள். 2021-ல் கேரள மாணவர்கள் இருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், புத்தகமும் துண்டறிக்கையும் வைத்திருந்தது மட்டும் போதாது, இயக்கத்தை வளர்க்கும் எண்ணம் தெரிய வேண்டும் என்று ஜாமீன் வழங்கியது. ஆனால் ஐ.எஸ். வழக்குகளில் குற்றப்பத்திரிகையின் பெரும்பகுதி செல்போனிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். குழுவிலிருந்து வெளியேறுங்கள், ஃபார்வர்டு செய்யாதீர்கள். ஆள் சேர்க்கும் பேச்சு இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு புகார் கொடுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு போனை அழிக்காதீர்கள். தடயத்தை அழித்த வழக்கும் கூடச் சேரும்.

வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். புதுச்சேரியில் சின்ன விடுதியும் இருக்கிறது. என்ன பொறுப்பு?

19-ஆம் பிரிவு: பயங்கரவாதி என்று தெரிந்தே ஒருவருக்கு இடம் கொடுத்தால் அல்லது மறைத்து வைத்தால் மூன்று ஆண்டில் தொடங்கி ஆயுள் வரை. கணவன் மனைவிக்கு, மனைவி கணவனுக்கு இடம் கொடுத்தால் இந்தப் பிரிவு பொருந்தாது. பெற்ற தாய்க்கு அந்த விலக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தெரியாமல் விட்டால் குற்றமில்லை. தெரியாது என்பதைக் காட்ட ஒப்பந்தமும் அடையாள அட்டை நகலும் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரப் படிவத்தை (சி படிவம் என்று பழகிய பெயர்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். வெள்ளைநகர் விடுதிகளில் இது பழகிய வேலை. பாஸ்போர்ட்டை வாங்கி, விசா பக்கத்தைப் படம் எடுத்து, சாவி கொடுக்கும் முன்பே ஏற்றிவிடுவார்கள். வீட்டு மாடியில் இரண்டு அறை ஒதுக்கி வாடகைக்கு விடுபவர்கள்தான் நழுவ விடுகிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1946-ஆம் ஆண்டின் பழைய வெளிநாட்டவர் சட்டம் போய்விட்டது.

நாங்கள் முகாமில் இருக்கிறோம். எங்களுக்கு விசேஷமாக ஏதாவது தெரிய வேண்டுமா?

தெரிய வேண்டும். குறிஞ்சிப்பாடி ஆனாலும், புதுச்சேரிக்கு வடக்கே கீழ்புத்துப்பட்டு ஆனாலும் இது பொருந்தும். இந்தச் சட்டத்தின் 43டி பிரிவில் ஏழாவது உட்பிரிவு ஒன்று இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் இந்தியக் குடிமகன் அல்ல, அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் என்றால், மிக அபூர்வமான சூழ்நிலையில் தவிர ஜாமீன் கிடையாது. 1990-ல் படகில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர் 'அனுமதி இல்லாமல் வந்தவரா' என்று அரசுத் தரப்பு கேட்கும். அதனால் முகாம் பதிவு அட்டை, பழைய குடும்ப அட்டை, வந்தபோது கொடுத்த காகிதம் எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்கு அளித்திருக்கிறது. இந்த ஆணையின் நகலும் கையில் இருக்கட்டும்.

கியூ பிரிவுப் போலீஸார் (தமிழ்நாட்டுக் காவல் துறையின் உளவுப் பிரிவு) விசாரிக்க வந்தால் பதற வேண்டாம். சாட்சியாக அழைப்பதென்றால் எழுத்தில் அழைக்கச் சொல்லலாம். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பையன்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும். முகாமில் இருக்கிறார் என்பது எந்தக் குற்றத்துக்கும் ஆதாரம் அல்ல. அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வருத்தம்தான்.

கைதானால் என்ன நடக்கும்?

கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். உபா வழக்குகளிலும் இது கட்டாயம் என்று 2024 மே மாதம் நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்தக் கைதையே செல்லாது என்றது. முதல் நாள் இந்தக் காகிதத்தைத்தான் கேட்க வேண்டும்.

முன்ஜாமீன் கிடையாது. போலீஸ் காவல் 30 நாள் வரை. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 90 நாள். அரசு வழக்கறிஞர் காரணம் காட்டினால் நீதிமன்றம் 180 நாள் வரை நீட்டிக்கலாம். நீட்டிக்காமலே கெடு தாண்டினால், அந்த நிமிடமே ஜாமீன் உரிமை பிறக்கும். மனுவைத் தயாராக வைத்திருக்காத வழக்கறிஞரால் அந்த உரிமையைக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

அப்புறம் 43டி ஐந்தாவது உட்பிரிவு. குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்தாலே உண்மை என்று நம்ப நியாயம் இருந்தால் ஜாமீன் தரக்கூடாது. 2019-ல் வட்டாலி வழக்கில், ஜாமீன் கட்டத்தில் சாட்சியத்தை எடை போட்டுப் பார்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போலீஸ் எழுதியதையே அப்படியே எடுத்துக்கொண்டால் யாருக்கு ஜாமீன் கிடைக்கும்? 2021-ல் நஜீப் வழக்கில் ஒரு ஜன்னல் திறந்தது. விசாரணை முடிய வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளே இருந்தால், உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம்.

இந்தக் கடுமையான ஜாமீன் விதி பயங்கரவாத அத்தியாயங்களுக்கு மட்டும்தான். சட்டவிரோத அமைப்பு, சட்டவிரோத நடவடிக்கை பற்றிய 10, 13 ஆகிய பிரிவுகள் மட்டும் போட்டிருந்தால் வழக்கமான ஜாமீன் விதிதான். முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டு என்ஐஏ வழக்குகள் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் நடக்கும். மேல்முறையீடு 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

எங்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சு குடியுரிமை. எங்களுக்கு எந்த நாட்டுச் சட்டம்?

இரண்டும். 1962-ல் புதுச்சேரி ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சு குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள்வரை இன்றும் இங்கே இருக்கிறார்கள். இந்தியச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர். ஆனாலும் இந்திய மண்ணில் நடப்பதற்கு உபா உங்களுக்கும் பொருந்தும்.

அதோடு 2012 டிசம்பரில் வந்த ஒரு சட்டத்தால், பிரெஞ்சு குடிமகன் உலகில் எங்கே பயங்கரவாதக் குற்றம் செய்தாலும் பிரான்ஸில் வழக்குப் போடலாம். அங்கே பயங்கரவாதத்தைப் பகிரங்கமாகப் புகழ்வதே தனிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை, இணையத்தில் செய்தால் ஏழு ஆண்டு வரை, ஒரு லட்சம் யூரோ வரை அபராதம். முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கில் எழுதும் பிரெஞ்சு குடிமகன் இதை மனதில் வைக்க வேண்டும். புலிகளுக்கு நிதி திரட்டிய வழக்கில் 2009-ல் பாரிஸ் நீதிமன்றம் பலருக்குத் தண்டனை கொடுத்து, அங்கிருந்த தமிழர் ஒருங்கிணைப்புக் குழுவையும் கலைக்கச் சொன்னது.

பிள்ளைகள் லண்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். அங்கே சுதந்திரம் அதிகம்தானே?

பேச்சுக்கு அதிகம். உதவிக்கு அப்படியில்லை.

அமெரிக்கா 1997 அக்டோபரில் புலிகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள அமைப்புக்கு 'பொருள் உதவி' செய்தால் 20 ஆண்டு வரை சிறை. சில மனித உரிமை அமைப்புகளும் அமெரிக்கத் தமிழர் சங்கங்களும் நீதிமன்றம் போனார்கள். ஆயுதம் தரவில்லை, அமைதிப் பேச்சு நடத்தவும் ஐ.நா.வில் மனுப் போடவும் சொல்லித் தரத்தான் விரும்புகிறோம், அதுகூடக் குற்றமா என்று கேட்டார்கள். 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், குற்றம்தான் என்றது. அந்த அமைப்போடு சேர்ந்து, அதன் சொல்படி செய்தால் நல்ல காரியத்துக்கான பயிற்சியும் பொருள் உதவியே. தனியாக நின்று ஆதரித்துப் பேசினால் குற்றமில்லை.

குடியேற்ற விண்ணப்பத்தில் இது இன்னும் கடுமை. வன்னியில் இருந்தபோது மிரட்டலுக்குப் பயந்து இயக்கத்துக்குப் பவுன் கொடுத்தவரும் பொருள் உதவி செய்தவராக எண்ணப்பட்டு விண்ணப்பம் நின்றுபோகும். கட்டாயத்தால் கொடுத்தவர்களுக்கு விலக்கு தரும் ஏற்பாடு பின்னால் வந்தது. அப்படிப்பட்ட வரலாறு உள்ளவர்கள் படிவத்தை நிரப்பும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. பொய் எழுதினால் விலக்கும் போய்விடும்.

பிரிட்டன் 2001-ல் தடை செய்தது. அங்கே தடை செய்யப்பட்ட அமைப்பின் ஆதரவாளர் என்று சந்தேகம் வரும்படி கொடியையோ உடையையோ பொது இடத்தில் காட்டினாலே ஆறு மாதம் வரை சிறை. கனடா 2006 ஏப்ரலில் பட்டியலிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் அதே ஆண்டு. ஐரோப்பிய நீதிமன்றம் 2017-ல் பழைய முடிவுகள் சிலவற்றை ரத்து செய்ததைப் பார்த்து தடை நீங்கிவிட்டது என்று இங்கே வெடி வெடித்தவர்கள் உண்டு. புதிய முடிவுகளால் பெயர் பட்டியலிலேயே இருந்தது.

மலேசியா, சிங்கப்பூர்?

இரண்டிலும் விசாரணை இல்லாமலோ நீண்ட காவலிலோ வைக்கும் சட்டங்கள் உண்டு. மலேசியாவில் 2019 அக்டோபரில் புலிகள் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்கள், அதில் சட்டமன்ற உறுப்பினர்களும் இருந்தார்கள். 2020 பிப்ரவரியில் தலைமை வழக்கறிஞர் டாமி தாமஸ் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். கடலூர் மாவட்டத்திலிருந்து போய் சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற ஒருவர் குடும்பத்தோடு சிரியா போன செய்தியை 2014-ல் அந்நாட்டு அமைச்சரே வெளியிட்டார். அதன் தொடர்ச்சி இங்கே என்ஐஏ வழக்காக வந்தது.

கடலில் தெரியாத படகைப் பார்த்தால்?

கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல்படைக்கு 1554. நேரம், இடம், படகின் நிறம், போகும் திசை சொன்னால் போதும், பக்கத்தில் போக வேண்டாம். சாகர் கவச் என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் போலீஸாரே தீவிரவாதி வேடத்தில் வருவார்கள் என்பதால் நிஜத்தையும் ஒத்திகை என்று விட்டுவிடாதீர்கள். மூழ்கும் படகில் இருப்பவர்களைக் காப்பாற்றுவது குற்றமல்ல. காப்பாற்றிக் கரைக்குக் கொண்டுவந்து யாருக்கும் சொல்லாமல் அனுப்பிவிட்டால்தான் கேள்வி வரும்.

வக்கீல் வைக்க வசதியில்லை.

காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவு. பெண்களுக்கும் வருமானக் கணக்கு இல்லை. கடலூரில் மாவட்ட ஆணைக்குழுவும் புதுச்சேரியில் யூனியன் பிரதேச ஆணைக்குழுவும் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கின்றன. தொலைபேசி 15100. ரிமாண்ட் செய்யும் அன்றே நீதிபதியிடம் வாய்விட்டுக் கேட்கலாம், மனு எழுதித் தர வேண்டியதில்லை. வழக்கு பூந்தமல்லிக்கு மாறினால், அங்கேயும் வழக்கறிஞர் வேண்டும் என்று மாறும் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.